ஃபொன்: ஆல்ப்ஸ் மலையை இருமுறை கடந்த ஒரு சொல்

இத்தாலியில் ஈரத் தலையை உலர்த்த ஹேர் டிரையர் வேண்டும் என்று கேட்பவர் அறிந்திருக்க வேண்டிய சொல் ‘ஃபொன்’. இதில் வரும் ‘ஒ’ குறில். நாம் தொலைபேசிக்கு வழங்கும் ‘ஃபோன்’ என்ற நெடிலோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. ஆயினும் இத்தாலியிலேயே இந்தச் சொல்லைப் பலர் எழுதும் முறை அந்தக் குழப்பத்துக்கு இடம் தருகிறது. ஒலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தொலைபேசியின் பெயர் பிறந்ததால், இந்தக் கருவியின் பெயரும் அதன் இரைச்சலை வைத்து வந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஒலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஒரு காற்றின் பெயர். ரோமானியர்கள் இளவேனிலின் தூதாகக் கருதிய ஒரு மென்காற்றின் பெயர் மலைமக்கள் வாயில் தேய்ந்து, அயல்மொழிக்குள் நுழைந்து, ஒரு தொழிற்சாலையின் வணிகப் பெயராகி, பிறகு தான் பிறந்த நாட்டுக்கே ஒரு மின்கருவியின் பெயராகத் திரும்பி வந்த வரலாறு இந்தச் சிறு சொல்லுக்குள் இருக்கிறது. சொற்பிறப்பியல் என்னும் துறையை முதன்முதலாக அணுகுவோருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்று நான் நம்புகிறேன்.

சொற்பிறப்பியல் என்பது ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கும் விளையாட்டு அன்று. ஒரு சொல்லை இன்னொரு சொல்லின் வழித்தோன்றல் என்று கூற வேண்டுமானால், இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒலி எவ்வாறு மாறியது என்பது முதல் கேள்வி. அந்த மாற்றம் அந்த ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்ததாக இல்லாமல், அதே மொழியின் வேறு சொற்களிலும் அதே முறையில் நிகழ்ந்திருக்க வேண்டும். பொருள் எவ்வாறு மாறியது என்பது இரண்டாவது கேள்வி. பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்குச் செல்லும் வழியில், மனிதர்கள் அந்த ஊரில் அந்தக் காலத்தில் கண்ட ஏதோ ஒன்று பாலமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒற்றுமை, தெருவில் எதிர்ப்படும் இருவருக்கு ஒரே முகச்சாயல் இருப்பதைப் போன்றது. அதைக் கொண்டு அவர்களை உடன்பிறந்தோர் என்று சொல்லிவிட முடியாது. ‘ஃபொன்’ என்ற சொல்லின் ஒவ்வொரு படியிலும் இந்த இரு கேள்விகளையும் கேட்டுக்கொண்டே செல்வோம்.

இலத்தீன் மொழியில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ‘ஃபவோனியுஸ்’ என்று பெயர். கிரேக்கர்கள் ‘ஸெஃபிரோஸ்’ என்று அழைத்த அதே காற்றுக்கு ரோமானியர் வைத்த பெயர் இது. குளிர்காலத்தின் கடுமையைத் தளர்த்தி, நிலத்தை உழவுக்கும் கடலைக் கப்பல்களுக்கும் திறந்துவிடும் காற்றாக அவர்கள் இதைக் கொண்டாடினார்கள். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் பிளினி, இந்தக் காற்று வீசத் தொடங்கும் நாளை இன்றைய கணக்கில் பிப்ரவரி 8 என்றே குறித்திருக்கிறார். நாட்காட்டியில் தேதி குறிக்கும் அளவுக்கு ஒரு காற்றை எதிர்பார்த்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் நிகழப்போகும் பொருள் மாற்றத்தின் விதை இதில்தான் இருக்கிறது. ‘வெதுவெதுப்பாக வைத்திரு’ என்ற பொருளுடைய ஓர் இலத்தீன் வினையோடு இப்பெயரை அறிஞர்கள் தொடர்புபடுத்துவதும் உண்டு.

கி.மு. 15இல் ரோமானியப் படைகள் ஆல்ப்ஸ் மலையின் நடுப்பகுதியைக் கைப்பற்றின. இரேசியா என்று பெயர் பெற்ற அந்த மலைநாட்டில் படைவீரர்களும் வணிகர்களும் குடியேறியவர்களும் பேசிய இலத்தீன், மலைமக்களின் மொழியாக வேர்விட்டது. பேரரசு சிதைந்த பிறகும் பள்ளத்தாக்குகளுக்குள் அந்த இலத்தீன் அடைபட்டுக் கிடந்து, தன் போக்கில் மாறி, இன்று ரோமான்ஷ் என்ற மொழியாக வழங்கி வருகிறது. சுவிட்சர்லாந்தின் கிழக்கிலுள்ள கிரௌபுண்டன் மாநிலத்தில் பேசப்படும் இம்மொழியை 1938இல் அந்நாடு தன் நான்காவது தேசிய மொழியாக ஏற்றுக்கொண்டது. அந்த மொழியில் ‘ஃபவோனியுஸ்’ என்ற பழைய பெயர் ‘ஃபவுஞ்’ என்பது போன்ற வடிவங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி சற்று வேறுபடும்.

‘ஃபவோனியுஸ்’ எப்படி ‘ஃபவுஞ்’ ஆகும் என்று வியப்பவர்களுக்கு, தமிழ் எழுத்தே உதவி செய்கிறது. ‘னி’ என்ற எழுத்தை அடுத்து இன்னோர் உயிர் வரும்போது, அதை விரைவாகச் சொல்லிப் பார்த்தால் நாக்கு தானாகவே ‘ஞ’ என்ற இடத்துக்குப் போய்விடும். இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகள் பலவற்றில் இந்த மாற்றம் ஒழுங்காக நிகழ்ந்திருக்கிறது. ‘ஹிஸ்பானியா’ என்ற பழைய நாட்டுப் பெயர் இத்தாலிய மொழியில் ‘ஸ்பாஞ்ஞா’ என்று ஆனதும் இதே வழியில்தான். அதுபோலவே, இரண்டு உயிர்களுக்கு இடையில் அகப்பட்ட ‘வ’ என்ற ஒலி பேச்சுவழக்கில் கரைந்துபோவதும் புதிதன்று. ஓடையைக் குறித்த ‘ரீவுஸ்’ என்ற இலத்தீன் சொல் இத்தாலியத்தில் ‘ரீயோ’ ஆகியிருக்கிறது. இவ்வாறு ‘வ’ கரைந்த ‘ஃபஒனியு’ என்பது போன்ற ஒரு பேச்சுவடிவம் மலைப்பகுதிகளில் வழங்கியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கம் செய்கிறார்கள். அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; முன்னும் பின்னும் உள்ள வடிவங்களை வைத்துக் கணித்தது. சொற்பிறப்பியல் நூல்களில் ஒரு சொல்லின் முன்னால் விண்மீன் குறி இருப்பதைக் கண்டால், அது இப்படிக் கணிக்கப்பட்ட வடிவம் என்று பொருள்.

அந்த மலைகளுக்கு வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானிய இனத்தார், தங்களுக்குப் புதிதான ஒரு காற்றை அங்கே சந்தித்தார்கள். புதிய நிலத்துக்கு வருவோர் அங்குள்ள ஆறு, மலை, காற்று ஆகியவற்றின் பெயர்களை முன்பிருந்தோரிடமிருந்தே கற்றுக்கொள்வது உலக வழக்கம். அவ்வாறு கடன்பெற்ற சொல் பழைய உயர் ஜெர்மன் மொழியில் 10ஆம் நூற்றாண்டளவில் ‘ஃபோன்னோ’ என்று பதிவாகியிருக்கிறது. இதுவே இன்றைய ஜெர்மன் மொழியில் அந்தக் காற்றைக் குறிக்கும் ‘ஃபோன்’. தமிழில் இதை நெடில் ‘ஓ’ போட்டு எழுதுகிறேன் என்றாலும், உண்மையான உயிரொலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. உதடுகளை ‘ஓ’ என்று குவித்து வைத்துக்கொண்டு, நாக்கை மட்டும் ‘ஏ’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி ஒலித்தால் அது கிடைக்கும். ஜெர்மன் எழுத்தில் இதைக் காட்ட ஓவின் தலையில் இரண்டு புள்ளிகள் இடுவர்.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? இலத்தீன் பெயரில் ‘னி’ என்று ஒரு இகரம் இருந்தது அல்லவா, அதன் நிழல்தான் அவை. அடுத்து இகரம் வரப்போகிறது என்பதை உணர்ந்த நாக்கு, அதற்கு முந்திய ‘ஓ’ ஒலியைச் சொல்லும்போதே முன்னோக்கி நகர்ந்துவிடும் இயல்பு ஜெர்மன் மொழியில் பரவலாக நிகழ்ந்த ஒன்று. ‘அழகிய’ என்று பொருள்படும் பழைய ‘ஸ்கோனி’ என்ற சொல், இகரத்தை இழந்து, புள்ளியிட்ட ஓவுடன் ‘ஷோன்’ ஆனதும் இதே விதிப்படிதான். இகரம் மறைந்துவிட்டது, ஆனால் அது இருந்த இடத்துக்குச் சான்றாக ஓவின் தலையில் இரு புள்ளிகள் நிற்கின்றன. ஒரு சொல்லின் இன்றைய எழுத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் உயிரொலியின் தடத்தைக் காண்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. ரோமானியரின் ஃபவோனியுஸ் மேற்குக் காற்று. ஆல்ப்ஸ் மலையின் வடபுறப் பள்ளத்தாக்குகளில் வீசும் ‘ஃபோன்’ என்பதோ பெரும்பாலும் தெற்கிலிருந்து மலையைக் கடந்து இறங்கும் காற்று. திசை மாறிவிட்டதே, இது எப்படி ஒரே பெயர் ஆகும் என்று கேட்க வேண்டும். மலைமக்களுக்குத் திசையைவிட அந்தக் காற்று செய்த வேலையே முக்கியமாக இருந்தது என்பதுதான் பொருத்தமான விளக்கம். பனியை உருக்கி, குளிரை விரட்டி, இளவேனிலைக் கொண்டுவரும் காற்று எதுவோ அதற்கு இளவேனில் காற்றின் பெயர் சென்று ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழி பேசும் மலைநாட்டார் இதைப் ‘பனித்தின்னி’ என்ற பொருளில் இன்னொரு பெயரிட்டும் அழைப்பதுண்டு.

பனியைத் தின்னும் அளவுக்கு ஒரு காற்று எப்படிச் சூடாகிறது என்பதை அறியாமல் இந்தச் சொல்லின் பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. சகாரா பாலைவனத்தின் வெப்பத்தையே இக்காற்று சுமந்து வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் சிலர் கருதினார்கள். 1866இல் ஆஸ்திரிய வானிலை ஆய்வாளர் யூலியுஸ் ஹான் வேறு விளக்கம் தந்தார்: வெப்பம் எங்கிருந்தும் சுமந்து வரப்படவில்லை, மலையிலிருந்து இறங்கும்போதே உண்டாகிறது என்பது அது. காற்று மேலே ஏறினால் அழுத்தம் குறைந்து விரிவடைந்து குளிரும். கீழே இறங்கினால் அழுத்தம் கூடிச் சுருங்கிச் சூடாகும். ஈரம் நிறைவடையாத காற்று 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் வீதம் குளிரவோ சூடாகவோ செய்கிறது. ஆனால் ஏறும் காற்றிலுள்ள நீராவி மேகமாகத் திரளத் தொடங்கிவிட்டால், அந்தத் திரளலில் வெளிப்படும் வெப்பம் குளிர்தலைத் தாமதப்படுத்தும். அப்போது 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி மட்டுமே குறையும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலையின் ஒரு புறத்தில் 15 டிகிரி வெப்பத்தோடு ஒரு காற்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 1,000 மீட்டர் ஏறும்போது 10 டிகிரி குறைந்து 5 டிகிரிக்கு வருகிறது. அங்கே மேகம் திரளத் தொடங்குவதால், அடுத்த 2,000 மீட்டர் ஏறுவதற்குள் 12 டிகிரி மட்டுமே குறைகிறது; 3,000 மீட்டர் உயரத்திலுள்ள மலைமுகட்டில் வெப்பம் மைனஸ் 7 டிகிரி. ஏறும் வழியெல்லாம் மழையாகவும் பனியாகவும் நீரைக் கொட்டிவிட்ட அந்தக் காற்று, மறுபுறம் வறண்டு இறங்குகிறது. வறண்ட காற்றாதலால் இறங்கும் 3,000 மீட்டருக்கும் முழுமையாக 30 டிகிரி கூடி, புறப்பட்ட அதே உயரத்தை அடையும்போது 23 டிகிரியாக இருக்கிறது. ஏறத் தொடங்கியபோது இருந்ததைவிட 8 டிகிரி கூடுதல். முகட்டில் ஈரத்தால் நிறைந்திருந்த காற்று, இப்போது தான் தாங்கக்கூடிய ஈரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வைத்திருப்பதால், வழியில் கிடைக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மழை பொழியாமலே காற்று சூடாகி இறங்கும் வேறு வழிகளும் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. என்றாலும் இறங்கும் காற்று சூடாகி வறண்டு போகிறது என்ற அடிப்படை மாறவில்லை. தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தின் பக்கம் பொழிந்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கிழக்கே வறண்டு இறங்கும் மேல்காற்றை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த இயற்பியல் அந்நியமானதாக இருக்காது.

இவ்வளவு வறண்ட காற்று நன்மையை மட்டுமே செய்வதில்லை. 1861ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவில் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரில் பற்றிய தீயை ஃபோன் காற்று விசிறிவிட, மறுநாளுக்குள் ஏறக்குறைய 600 கட்டடங்கள் எரிந்து, நகரின் பெரும்பகுதி அழிந்தது. இத்தகைய பள்ளத்தாக்குகளில் ஃபோன் வீசும் நாட்களில் தீக்காவல் வைப்பதும், வெளியில் நெருப்பு மூட்டுவதைத் தடை செய்வதும் வழக்கமாக இருந்தன. ஆகவே ஜெர்மன் மொழி பேசும் மக்களுக்கு ‘ஃபோன்’ என்றதும் நினைவுக்கு வருவது சூடு, வறட்சி, வேகம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த ஒரு காற்று. இந்த மூன்றையும் ஒரு சிறு கருவிக்குள் அடைத்து விற்க விரும்பிய நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

பெர்லினைச் சேர்ந்த ‘சனிட்டாஸ்’ என்ற மின்கருவி நிறுவனம் 1908இல் இந்தப் பெயரை வணிகப் பெயராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. 1909இல் பதிவு கிடைத்தது. காற்றின் பெயரை எழுதும்போது நடுவில் வரும் ‘ஹெச்’ என்ற எழுத்தை நீக்கிவிட்டு, கருவியின் பெயரை அவர்கள் பதிவுசெய்தார்கள். பிற்காலத்தில், 1957இல், அந்த நிறுவனத்தை ஏஇஜி என்ற பெரிய நிறுவனம் வாங்கியபோது பெயரின் உரிமையும் அதனிடம் சென்றது. ஆனால் சட்டம் யாரிடம் உரிமையைக் கொடுத்தாலும், மக்களின் நாக்கு அதைப் பொருட்படுத்துவதில்லை. எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் தலை உலர்த்தும் கருவியை ஜெர்மானியர்கள் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். மற்ற நிறுவனங்களோ தங்கள் பெட்டிகளில் ‘முடியுலர்த்தி’ என்று பொருள்படும் பொதுச்சொல்லை அச்சிட்டன. எந்திரத்தை யார் செய்திருந்தாலும் ஒளிநகலை நாம் ‘ஜெராக்ஸ்’ என்று சொல்வதைப் போன்றது இது. 1996இல் ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது, கருவியின் பெயரையும் காற்றின் பெயரைப் போலவே ‘ஹெச்’ சேர்த்து எழுத வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வணிகப் பெயராக வரும்போது மட்டும் பழைய எழுத்து நீடிக்கிறது. எழுத்தால் பிரிந்திருந்த காற்றும் கருவியும் இவ்வாறு மீண்டும் ஒன்றாயின.

இந்தக் கருவிப் பெயர்தான் 20ஆம் நூற்றாண்டில் தெற்கு நோக்கி ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குள் வந்தது. அப்போது முதல் தடையாக இருந்தது அந்தப் புள்ளியிட்ட ஓ. பொது இத்தாலிய மொழியில் அந்த ஒலி கிடையாது. உதடு குவிய வேண்டும், நாக்கு முன்னால் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். இத்தாலியர்கள் உதட்டுக் குவிவை வைத்துக்கொண்டு நாக்கை விட்டுவிட்டார்கள், ‘ஃபொன்’ பிறந்தது. ரஷ்யர்களும் செக் மக்களும் இதே சொல்லைக் கடன்பெற்றபோது எதிர்வழியில் சென்றார்கள்: நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை விட்டுவிட்டதால், அவர்களிடம் அது ‘ஃபென்’ என்றும் ‘ஃபேன்’ என்றும் வழங்குகிறது. மின்விசிறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு எந்த உறவும் இல்லை. துருக்கிய மொழியிலோ அந்த உயிரொலி ஏற்கனவே இருந்தமையால், அவர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரே சொல் மூன்று வாசல்களில் நுழைந்து மூன்று உருவம் பெற்றதற்குக் காரணம், அந்தந்த வாசலின் அளவே. மிலான் நகரைச் சுற்றியுள்ள இலொம்பார்டியில் பேசப்படும் வட்டார மொழிகளில் அந்தப் புள்ளியிட்ட ஓ இயல்பாகவே இருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்; ‘இத்தாலியர்க்கு அந்த ஒலி வராது’ என்று பொதுப்படக் கூறுவது தவறு.

இரண்டாவது சிக்கல் சொல்லின் இறுதியில் இருந்தது. பழைய இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிபவை. முன்னாளில் வந்த கடன்சொற்களுக்கு இறுதியில் ஓர் உயிரைச் சேர்த்து, அவற்றைத் தம் வீட்டு மனிதர்களாக ஆக்கிக்கொள்வது அந்த மொழியின் வழக்கம். இதற்கு நம் மொழியிலிருந்தே ஒரு நல்ல சான்று உண்டு. தமிழின் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தின் வழியாக இத்தாலிக்குச் சென்று ‘கதமரானோ’ ஆகியிருக்கிறது. இறுதியில் ‘ஓ’ சேர்ந்ததால், அது இத்தாலிய இலக்கணப்படி ‘கதமரானி’ என்று பன்மையும் பெறுகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு முதல் வந்த ‘பார்’, ‘ஃபில்ம்’, ‘ஸ்போர்ட்’ போன்ற சொற்கள் மெய்யிலேயே முடியும்படி விடப்பட்டன. ‘ஃபொன்’ இந்தப் புதிய கூட்டத்தைச் சேர்ந்தது. மெய்யில் முடிவதால் அதற்குத் தனிப் பன்மை வடிவம் இல்லை. ஒன்றானாலும் பத்தானாலும் ‘ஃபொன்’ தான். முன்னால் வரும் சுட்டுச்சொல் மட்டும் ஒருமையில் ‘இல்’, பன்மையில் ‘இ’ என மாறும். ஒரு கடன்சொல் எந்தக் காலத்தில் வந்தது என்பதை அதன் கடைசி எழுத்தே ஓரளவு காட்டிவிடுகிறது.

மூன்றாவது சிக்கல் எழுத்து. அகராதிகள் ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்து வடிவத்தை இத்தாலியமயமான வடிவமாகத் தருகின்றன. ஜெர்மன் எழுத்துப்படி புள்ளிகளோடு எழுதுவோரும் இருக்கிறார்கள். ஆனால் கடைகளிலும் விளம்பரங்களிலும் மிகப் பரவலாகக் காணப்படுவது, தொடக்கத்தில் ‘பி’, ‘ஹெச்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வடிவம். இந்த இரட்டை எழுத்து கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலமும் ஃபிரெஞ்சும் தரும் அடையாளம். இத்தாலிய மொழியோ கிரேக்கச் சொற்களைக்கூட நேராக ‘எஃப்’ போட்டு எழுதும் வழக்கமுடையது. தொலைபேசி, தத்துவம் ஆகியவற்றின் பெயர்களும் அப்படியே எழுதப்படுகின்றன. கிரேக்கச் சொல்லுக்கே தேவைப்படாத ஒரு கிரேக்க அணிகலனை, கிரேக்கத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சொல்லுக்குப் பூட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒலியின் உரப்பை அளக்கும் ‘ஃபோன்’ என்ற அலகு ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் உண்மையிலேயே ‘ஒலி’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்த அலகுக்கு உரிய எழுத்தையே காற்றுக் கருவிக்கும் வழங்குவதால், சொல்லின் பிறப்பு பற்றிய தவறான எண்ணம் எழுத்தின் மூலமாகவே பரவுகிறது. பரவலான வழக்கைத் தவறென்று தள்ள எனக்கு உரிமையில்லை. எனினும், கற்றுக்கொள்பவர் யாரேனும் கேட்டால், ‘எஃப்’ எழுத்து வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

இத்தாலிய மொழிக்கு இதற்கெனச் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. ‘அஷ்ஷுககபெல்லி’ என்பது அச்சொல். ‘அஷ்ஷுகாரே’ என்றால் உலர்த்துதல். ‘கபெல்லி’ என்றால் தலைமுடிகள். இதில் ஒற்றெழுத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும்: ‘கபெல்லோ’ என்றால் முடி, ‘கப்பெல்லோ’ என்றால் தொப்பி. ஒற்று மிகுவதால் பொருள் மாறுவதை அறிந்த தமிழர்க்கு இது எளிதில் பிடிபடும். தமிழில் ‘முடியுலர்த்தி’ என்று முடியை முதலிலும் உலர்த்துதலைப் பின்னும் வைக்கிறோம். இத்தாலியர் வினையை முதலில் வைத்து ‘உலர்த்துமுடி’ என்ற வரிசையில் தொகையை அமைக்கிறார்கள். ‘அஷ்ஷுகாரே’ என்ற வினைக்கும் ஓர் அழகிய பிறப்பு உண்டு. சாறு என்ற பொருளுடைய ‘சூகுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் முன்னால் ‘வெளியே’ என்ற முன்னொட்டைச் சேர்த்து உருவான வினை, ‘சாற்றை வெளியே எடுத்தல்’ என்ற பொருளிலிருந்து ‘உலர்த்துதல்’ என்ற பொருளுக்கு வந்திருக்கிறது. இவ்வளவு தெளிவான சொல் இருந்தும் பேச்சில் ‘ஃபொன்’ செழித்ததற்குக் காரணம் தேடத் தேவையில்லை. ஆறு அசைகள் உள்ள சொல்லையும் ஒரே அசையில் முடியும் சொல்லையும் அருகருகே வைத்தால், அவசரத்தில் தலை உலர்த்துபவர் எதைச் சொல்வார் என்பது தெரிந்ததே. ஒப்பனை மேசையில் இப்படி வணிகப் பெயர் பொதுப்பெயரானதற்கு இத்தாலியில் இன்னொரு சான்றும் இருக்கிறது. கண்ணிமை மயிருக்குத் தீட்டும் மையை அவர்கள் ‘ரிம்மெல்’ என்பர். அது 19ஆம் நூற்றாண்டில் வாசனைப் பொருள் வணிகம் செய்த யூஜின் ரிம்மெல் என்பவரின் குடும்பப்பெயர்.

இனி இந்தச் சொல்லின் மிக முக்கியமான இயல்புக்கு வருவோம். இலத்தீனிலிருந்து பிறந்த ஒரு சொல் அயல்மொழிக்குள் சென்று, அங்கே உருவும் பொருளும் மாறி, பிறகு இலத்தீனின் நேர்வாரிசான இத்தாலிய மொழிக்கே விருந்தாளியாகத் திரும்பி வந்திருக்கிறது. இவ்வகைச் சொற்களை இத்தாலியர் ‘கவல்லோ தி ரித்தோர்னோ’, அதாவது ‘திரும்பி வரும் குதிரை’ என்று அழைப்பதுண்டு. இன்னோர் எடுத்துக்காட்டு ‘ஸ்போர்ட்’. பழைய ஃபிரெஞ்சில் பொழுதுபோக்கைக் குறித்த ஒரு சொல், ஆங்கிலத்துக்குச் சென்று தலையை இழந்து விளையாட்டைக் குறிக்கும் சொல்லாகி, இத்தாலிக்கு வந்தது. அதே ஃபிரெஞ்சுச் சொல் வேறு வழியில் முன்பே இத்தாலிக்கு வந்து ‘திப்போர்த்தோ’ என்ற வடிவில், பொழுதுபோக்கு என்ற பொருளில் குடியிருந்தது.

இங்கே இரட்டைச் சொற்கள் என்ற இன்னொரு கருத்தும் சேர்ந்துகொள்கிறது. ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்து, ஒரே மொழியில் வெவ்வேறு பொருளோடு வாழும் இரு சொற்களே இரட்டைச் சொற்கள். இலத்தீனில் ‘கவுசா’ என்ற ஒரு சொல் இருந்தது. கற்றோர் ஏட்டிலிருந்து எடுத்தபடியே வழங்கிய வடிவம் ‘கவுசா’, அதன் பொருள் காரணம். மக்கள் வாயில் உருண்டு தேய்ந்த வடிவம் ‘கோசா’, அது குறிப்பது ஒரு பொருளை அல்லது செய்தியை. ஃபவோனியுஸும் இவ்வாறு இத்தாலியில் இரட்டையாக வாழ்கிறது. ஏட்டுவழி வந்த ‘ஃபவோனியோ’ காற்றைக் குறிக்கிறது. மலையைச் சுற்றி வந்த ‘ஃபொன்’ கருவியைக் குறிக்கிறது. அருகருகே வைத்துப் பார்த்தால், தொடக்கத்து ‘ஃப்’ ஒலியும் ஓர் ஒகரமும் ஒரு னகரமும் தவிர இரண்டுக்கும் பொதுவாக ஏதுமில்லை. ஆயினும் இவை ஒரு தாய் மக்கள்.

ஒற்றுமை இல்லாதவை உறவாக இருப்பதைப் போலவே, ஒற்றுமை மிகுந்தவை உறவில்லாமல் இருப்பதும் உண்டு. அழிந்துபோன கோதிக் மொழியில் ‘ஃபோன்’ என்ற சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். ஒலியும் பொருந்துகிறது, சூடான காற்று என்ற பொருளும் பொருந்துவது போலத் தோன்றுகிறது. அதனால் இதையே மூலம் என்று எண்ணிவிடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் அந்தக் காற்று வீசும் மலைப்பகுதியில், அதே காற்றுக்கு, இலத்தீன் வழிவந்த ரோமான்ஷ் மொழியில் ‘ஃபவுஞ்’ என்ற பெயர் இருப்பதை இந்த விளக்கத்தால் விளக்க முடியாது. நெருப்பு என்ற சொல்லிலிருந்து ரோமான்ஷ் வடிவத்தின் நடுவிலுள்ள வகரமும் இறுதியிலுள்ள ஞகரமும் வருவதற்கு வழியே இல்லை. தொடக்கத்தில் சொன்ன இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் விடை தரும் பிறப்பு வரலாற்றை ஏன் ஏற்கக் கூடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

சுவிட்சர்லாந்தின் தெற்கு மூலையில், இத்தாலிய மொழி பேசும் திச்சீனோ என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே மலையைக் கடந்து இறங்கும் சூடான காற்று வடக்கிலிருந்து வருகிறது, ஏனெனில் அவர்கள் மலைக்குத் தெற்கே வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் அது வீசும் நாட்களில் வானம் துலங்கும், ஏரிக்கரை நகரமான லுகானோவில் வெயில் இதமாக இருக்கும். அந்தக் காற்றை அவர்கள் ‘ஃபவோனியோ’ என்றே அழைக்கிறார்கள். ரோமுக்கு மேற்குக் காற்றாகவும், வடபுறப் பள்ளத்தாக்குகளுக்குத் தென்காற்றாகவும் இருந்த பெயர், இங்கே வடகாற்றுக்கு உரியதாகிவிட்டது. அந்த ஊரில் ஒருவர் காலையில் குளித்துவிட்டு ஃபொன்னால் தலையை உலர்த்திக்கொண்டு, வெளியே ஃபவோனியோ வீசுகிறது என்று வீட்டாரிடம் சொல்லிப் புறப்படும்போது, ஈராயிரம் ஆண்டு இடைவெளியுள்ள ஒரே சொல்லின் இரு வடிவங்களும் ஒரு நிமிடத்துக்குள் அவர் கைக்கும் வாய்க்கும் வந்து போகின்றன.